ஒரு டக்குன்னா ஆமா

விடியக்காலம் அஞ்சு மணி. கஜகஸ்தான்ல, கரகந்தா ஊரத் தாண்டி வடக்கால போற ரோடு... ரெண்டு பக்கமும் வெறும் புல்லு. ஒரு மரம் கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. ஒத்த வண்டி போயிட்டிருக்கு. ஓட்டறவனுக்குக் கண்ணு சொக்குது.

இது எனக்கு நடந்ததில்லப்பா. நம்ம தொக்தாரோட சித்தப்பா பையன் பெய்பித்துக்கு நடந்தது. கொஞ்சம் நெருங்கி உக்காருங்க... எப்படியும் இன்னும் ஒரு மணி நேரம் ஆட்டப்படி நாம எல்லாரும் செத்தவங்கதான், வேற என்ன வேலை? அந்த ஃபிளாஸ்க்க இப்படித் தள்ளு. யாரு கூடாரத் துணியத் திறந்து வச்சது? காத்து ஊசியா குத்துது. மூடு, மூடு.

பெய்பித்துக்குக் கொதிகலன் ஆலையில வேலை. ஊருக்கே குழாய் வழியா சூடு அனுப்பறாங்களே, அங்கதான். எப்பவும் ராத்திரி ஷிஃப்ட். ஆளு களைச்சே பொறந்தவன் மாதிரி இருப்பான். சிரிச்சாக்கூட அரைச் சிரிப்புதான், மீதிக்குத் தெம்பு இருக்காது. அன்னைக்கும் வேலை முடிஞ்ச கையோட, பொட்டுத் தூக்கமில்லாம, வண்டிய எடுத்துட்டான். பக்கத்து சீட்டுல மச்சினன் யெர்தென் வாயப் பொளந்து தூங்கறான். பின்சீட்டுல வாலேரா, லாரி ஓட்டறவன், சூரியகாந்தி விதையக் கொறிச்சு கொறிச்சுத் தோலத் துப்பிக்கிட்டு வர்றான். மூணே பேரு கொண்ட டீம். பேரு 'கோர்சக்'. குள்ளநரின்னு பேரு வச்சுக்கிட்டாங்க, ஆனா மூணு பேரும் ஓடினா ஆமைதான் முந்தும்.

எங்க போறாங்க? இதே ஆட்டத்துக்குத்தான். இருபத்திநாலு மணி நேர ஆட்டம், பழைய சுரங்கக் குடியிருப்புல. சுரங்கம் மூடி, சனமெல்லாம் எப்பவோ போயாச்சு. அஞ்சு மாடிக் கட்டடங்க சன்னல் இல்லாம, கதவு இல்லாம நிக்குது. இரும்புன்னு பேருக்கு ஒரு ஆணி மிச்சமில்ல, எல்லாத்தையும் பழைய இரும்புக்காரங்க கழட்டிட்டுப் போயிட்டாங்க. ஸ்ட்ரைக்பால், அதான் இந்தப் பொம்மைத் துப்பாக்கிச் சண்டை, ஆட அதவிட நல்ல எடம் வேணுமா? பிளாஸ்டிக் குண்டு சுவத்துல பட்டா 'டிக் டிக்'னு எதிரொலிக்கும்... கேக்கவே சொகமா இருக்கும்.

ரேடியோ கதைய முதல்ல சொல்லிடறேன். அது தெரியாம மீதி புரியாது.

முன்னால அவங்ககிட்ட இருந்தது சந்தையில வாங்கின பொம்மை ரேடியோ. குளிர்ல ரெண்டு மணி நேரம், அப்புறம் பேட்டரி பொணம். போன வசந்தத்துல ஆளுக்கொரு பக்கம் தொலைஞ்சு, ஒருத்தன ஒருத்தன் சுட்டுக்கிட்டாங்க. ஊரே சிரிச்சது. சரி, புது ரேடியோ வாங்கணும், யாரு பாத்து வாங்கறது? "மெஷின்ல வேலை பாக்கறவன் நீதான், நீயே பாரு"ன்னு பெய்பித் தலையில கட்டிட்டாங்க.

பெய்பித் வீட்டு அடுக்களையிலதான் பஞ்சாயத்து. வாலேரா ஒரு பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்தான்.

"இதப் பாரு. இருபது கிலோமீட்டர் போகும்னு பெட்டியிலயே போட்டிருக்கு!"

"பெட்டியத் தூக்கிட்டு நீ நடந்தா போகும். கட்டடத்துக்கு நடுவுல ஒரு கிலோமீட்டர் போனாப் பெரிசு. வை கீழ."

"அப்ப இது? பட்டனே அழுத்த வேணாம், வாயத் திறந்தா தானா போகும்."

"உன் வாய் எப்ப மூடியிருக்கு? ராத்திரி பூரா நீ விதை கொறிக்கிற சத்தத்த நான் காதுல கேட்டுக்கிட்டு இருக்கணுமா?"

அடுப்புல பவுர்சாக் மாவுருண்டை பொரிச்சுக்கிட்டிருந்த ஷினார், பெய்பித் பொண்டாட்டி, வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. பெய்பித் கடைசியா ஒரு சீன ரேடியோவத் தேர்ந்தெடுத்தான். பெரிய பேட்டரி. ரேடியோவ கோட்டுக்குள்ள உடம்போட ஒட்டி வச்சுக்கணும், அப்பத்தான் பேட்டரி குளிர்ல சாகாது. ஒயர் வழியா நெஞ்சுல ஒரு பட்டன், கையுறையோட தடவினாலும் கிடைக்கற மாதிரி பெருசா. ஒரு காதுக்கு மட்டும் ஒலி. இன்னொரு காது எதுக்குன்னா, காலடி கேக்க. பேசி முடிச்சதும் 'பீப்'னு கத்துமே, அதையும் நிறுத்திட்டான். இருட்டுல ஒளிஞ்சிருக்கறவனக் காட்டிக் குடுக்கறதே அந்தப் பீப்தான். விவரமான ஆளு, குறை சொல்ல முடியாது. ஒயர் கழுத்துல மாட்டுது, அரிக்குதுன்னு யெர்தென் மட்டும் மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டான்.

அப்புறம் சைகை. எதிரி பக்கத்துல இருக்கான், பேச முடியாது, என்ன பண்ண? பட்டன மட்டும் அழுத்து. ஒரு டக்குன்னா ஆமா. ரெண்டு டக்குன்னா இல்ல. இது எல்லா டீமும் பண்றதுதான்.

ஆனா வாலேரா இருக்கானே... அவன் ஒரு படி மேல போனான்.

புதுசா வந்தவங்களுக்காக சட்டத்த ஒருதரம் சொல்லிடறேன். குண்டு பட்டா நீ செத்தவன். தலையில சிவப்புத் துணி, ராத்திரின்னா நெத்தியில சிவப்பு விளக்கு. செத்தவன் பேசக் கூடாது. நேர்லயும் பேசக் கூடாது, ரேடியோலயும் பேசக் கூடாது. வாய மூடிக்கிட்டு இந்த மாதிரிக் கூடாரத்துக்கு வந்து உக்காந்துட்டு, நேரம் முடிஞ்சு உயிரோட எழுந்து போகணும். அவ்வளவுதான்.

"செத்தவன் பேசக் கூடாதுன்னுதானே சட்டம்?" வாலேரா கேட்டான். "விரலுக்கு என்ன வாயா இருக்கு? செத்தாலும் பட்டன அழுத்தலாம்."

"அது ஏமாத்துடா."

"ஏமாத்துன்னா ஏமாத்து. நாம மூணே பேரு. ஒருத்தன் செத்தது மத்தவனுக்குத் தெரிய வேணாமா?"

பெய்பித்துக்கு வாதாடத் தெம்பில்ல. மறுநாள் ஷிஃப்ட் இருக்கு. "என்னமோ பண்ணித் தொலைங்க"ன்னுட்டான். அப்படித்தான் அந்த டீம்ல செத்தவனும் பதில் சொல்ற வழக்கம் வந்தது.

ஆட்டத்தன்னைக்கு, யெர்தெனக் கூட்டிக்கிட்டுக் கெளம்பறப்ப ஷினார் வாசல்ல வந்து நின்னா. இடுப்புல சின்ன மக. "என் தம்பிக்கு அப்பா இல்ல. அம்மாவுக்கு அவன் ஒருத்தன்தான். அவன உங்கள நம்பித்தான் அனுப்பறேன், சொல்லிட்டேன்"னா. பெய்பித் தலையாட்டினான்.

ஆட்டம் மத்தியானம் ஆரம்பிச்சுது. சாயங்காலம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. இருட்டினதும் குளிர் இறங்கிச்சு... அக்டோபர் கடைசி, தரையெல்லாம் உப்பு தூவின மாதிரி உறைபனி. பெய்பித் பழைய பள்ளிக்கூடத்துக் கீழ்த்தளத்துல காவல். வாலேரா எதிர்க் கட்டடத்து மாடியில. யெர்தென் குடியிருப்போட அந்தக் கோடி வரைக்கும் வேவு பாக்கப் போயிருக்கான். மூணாவது நாளா பெய்பித் சரியாத் தூங்கல. சுவத்துல சாஞ்சா கண்ணு மூடுது, நிமிந்தா முதுகு வலிக்குது. எதுக்குடா வந்தோம்னு இருக்கு.

நடுராத்திரி தாண்டினப்புறம் பட்டன அழுத்தினான்.

"வாலேரா?"

"உசுரோடதான் இருக்கேன். குளிர்லதான் சாகறேன்."

"யெர்தென்?"

ஒண்ணுமில்ல.

"யெர்தென். பதில் குடு."

இரைச்சல்கூட இல்ல. காதுல பஞ்சு அடைச்ச மாதிரி அமைதி... பெய்பித் ஒயர ஆட்டிப் பாத்தான். ரேடியோவ வெளிய எடுத்து அக்குள்ல வச்சுச் சூடாக்கினான். அப்ப மூக்குல ஒரு வாடை. நனைஞ்ச கம்பளி, கூட நீத்துப்போன கரிச் சாம்பல். அந்தப் பள்ளிக்கூடத்துல அடுப்பு எரிஞ்சு எத்தனையோ வருஷமாச்சு.

டக்.

பெய்பித்துக்குப் போன உசுரு வந்தது.

"அடப்பாவி, இருக்கியா! என்ன, செத்துட்டியா?"

டக்.

ஆமா. அதான் வாயத் திறக்கல. சரி, நியாயமான பயதான்னு நெனச்சுக்கிட்டான். "குளிருதாடா?"

கொஞ்ச நேரம் போச்சு. டக்... டக்.

இல்லயாம். வாலிப உடம்பு, குளிராதுதான். "பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

டக்.

செத்தவங்க கூடாரத்துல உக்காந்திருக்கான், தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு நாலு பேரோட சொகமா இருக்கான்னு பெய்பித் முடிவு பண்ணிட்டான். இருந்தாலும் ஷினார் மூஞ்சி கண்ணுல வந்தது. கூடாரம் ஒண்ணும் தூரமில்ல... போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடலாமா? கால் மரத்துக் கிடக்கு.

"டேய்... நான் அங்க வரணுமா?"

இந்தத் தடவ ரொம்ப நேரம்.

டக்.

பெய்பித் அலுத்துக்கிட்டே சுவத்தப் புடிச்சு எழுந்தான். முழங்கால் சொடக்கு விட்டுச்சு. துப்பாக்கியக்கூட தோள்ல மாட்டிட்டான். அப்ப...

டக்.

ரெண்டாவது. அப்ப இல்லன்னு அர்த்தம்.

சொல்லப்போனா அவனுக்குச் சந்தோஷம்தான். அதுதான் பின்னால அவன அறுத்தது. அசந்து போனவனுக்கு எந்தப் பதில் சவுகரியமோ அதுதான் சரியான பதில். இவ்வளவு நேரம் கழிச்சு ஏன் ரெண்டாவது டக்கு வந்துச்சுன்னு யோசிக்கல. தொப்புனு உக்காந்துட்டான். அப்புறம் ரேடியோல என்னமோ ரெண்டு வார்த்தை உளறினான், தூங்கிட்டான்.

முழிச்சப்ப சன்னல் ஓட்டையில சாம்பல் வெளிச்சம். வாலேரா வந்து தோளப் புடிச்சு உலுக்கறான்.

"யெர்தென் எங்க?"

"செத்துட்டான். கூடாரத்துல இருக்கான்."

"நான் அங்கேர்ந்துதான் வர்றேன். ராத்திரி பூரா அவன் அங்க வரவே இல்லன்னு சொல்றாங்க."

பெய்பித் எழுந்து வண்டிகிட்ட ஓடினான். ஒருவேளை வண்டியில படுத்திருப்பான்... படுக்கைப் பைய உதறினான். உள்ளேர்ந்து ஒண்ணு கீழ விழுந்தது. யெர்தெனோட ரேடியோ. ஒயர் ஒழுங்கா சுத்தி, ரப்பர் மாட்டி வச்சிருக்கு. பேட்டரியத் தனியாக் கழட்டி வச்சிருக்கு. அரிக்குதுன்னு விட்டுட்டே போயிருக்கான்.

வாலேரா அதப் பாத்தான். பெய்பித்தப் பாத்தான். ராத்திரி அந்த டக்கு டக்கெல்லாம் வாலேராவும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தான்?

ஆட்டத்த நிறுத்தினாங்க. எல்லா டீமும் இறங்கித் தேடினாங்க. நூறு பேருக்கு மேல, முழு உடுப்போட, கையில பொம்மைத் துப்பாக்கியோட, "யெர்தென்! யெர்தென்!"னு கூப்பிட்டுக்கிட்டு... பெய்பித் கத்தல. யெர்தென் வேவு பாக்கப் போன அந்தக் கோடியில, கடைசிக் கட்டடத்துக்குப் பின்னால, தரையிலேர்ந்து ஒரு துருப்புடிச்ச குழாய் மூக்கு நீட்டிக்கிட்டிருந்தது. பழைய வெந்நீர்க் குழாய், மண்ணுக்குள்ள இருந்ததால பழைய இரும்புக்காரங்ககிட்ட தப்பிச்சது. அவன் தொழிலே அதுதானே. மண்டி போட்டுக் காத வச்சான். உள்ள எங்கயோ... ணங். ணங். கல்லால தட்டற சத்தம்.

குழாய் போன வழியே போனாங்க. காஞ்ச புல்லுக்கு நடுவுல ஒரு கிணத்துப் பள்ளம், குழாயெல்லாம் சேர்ற எடம். இரும்பு மூடிய எவனோ பழைய இரும்புக்குத் தூக்கிட்டுப் போயிருக்கான். அடியில யெர்தென். கால் ஒடிஞ்சு மடங்கிக் கிடக்கு. ஒதடு நீலம். ஆனா கையில கல்லு, தட்டிக்கிட்டே இருக்கான்.

மீட்புப் படைக்காரங்க வந்து கயித்தக் கட்டி ஏத்தினாங்க. மேல வந்ததும் அவன் கண்ணு பள்ளத்தையே பாத்துச்சு.

"அந்த ஆளையும் ஏத்துங்க."

"எந்த ஆளு?"

"உள்ள உக்காந்திருக்காரே..."

ஒருத்தர் டார்ச் அடிச்சுப் பாத்தாரு. கிழிஞ்ச குழாய்ச் சுத்துத்துணி, உறைஞ்ச தண்ணி. வேற ஒண்ணுமில்ல. "குளிர்ல உளர்றான், தூக்குங்க"ன்னாரு. ஆம்புலன்ஸ் கெளம்பிச்சு. வாலேரா துணைக்கு அதுல ஏறிக்கிட்டான்.

பெய்பித் தனியா வண்டியில பின்னால போனான். வெறும் ரோடு. கொஞ்ச தூரம் போனதும் 'டிங்... டிங்... டிங்'னு வண்டி கத்த ஆரம்பிச்சுது. பக்கத்து சீட்டுல பெல்ட் போடலன்னா கத்துமே, அது. சீட்டு காலி. ஒரு பைகூட இல்ல. இந்தப் பழைய வண்டிக்கு வேற வேலை இல்லன்னு திட்டிக்கிட்டே எட்டி அந்தப் பெல்ட்ட இழுத்து மாட்டினான். சத்தம் நின்னுச்சு.

ஷினாருக்கு நேர்ல சொல்லணும்னு நேரா வீட்டுக்குப் போனான். ஷினார் அதுக்குள்ள மகளப் பாத்துக்கப் பக்கத்து ஃபிளாட்டு ராயா அக்காவ உக்கார வச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தா. சேறு உடுப்பக் கழட்டிப் போட்டு, மூஞ்சக் கழுவிக்கிட்டு, கொஞ்ச நேரத்துல அவனும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டான். ஷினார் தாழ்வாரத்துல உக்காந்திருந்தா. "உசுருக்கு ஒண்ணுமில்லயாம். கால் விரல் ரெண்டு போயிடுமாம்"னா. அழுது முடிச்ச மூஞ்சி. வையல, அடிக்கல. அதுவே அவனுக்குப் பொறுக்கல.

உள்ள யெர்தென் முழிச்சிருந்தான். பெய்பித் ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தான்.

"மன்னிச்சுடு மாப்ள. எழுந்து வந்து பாத்திருக்கணும். அசதி... எழுந்துக்கல."

"நீங்க என்ன பண்ணுவீங்க மச்சான்? உங்களுக்குத்தான் பதில் வந்துட்டுதே."

பெய்பித் ஸ்டூல இன்னும் கிட்ட இழுத்தான். "உனக்கெப்படித் தெரியும்? உன் ரேடியோ வண்டியில இருந்தது."

"அந்த ஆளுகிட்ட ஒண்ணு இருந்தது." யெர்தென் கூரையப் பாத்துக்கிட்டே பேசினான். "நான் விழுந்து கொஞ்ச நேரத்துல பாக்கறேன், எதிர்ல உக்காந்திருக்கான். நெத்தியில சிவப்பு விளக்கு, அதனால மூஞ்சி தெரியல. எந்த டீம்னு கேட்டேன். கால் போச்சு, ஆளக் கூப்பிடுன்னு கெஞ்சினேன். பேசல. செத்தவன் பேசக் கூடாதுல்ல... சட்டத்த மதிக்கற ஆளு போலன்னு நெனச்சேன். அப்பத்தான் உங்க குரல் கேட்டுச்சு, அவன் நெஞ்சுலேர்ந்து."

பெய்பித் எழுந்து கதவச் சாத்திட்டு வந்து உக்காந்தான்.

"செத்துட்டியான்னு கேட்டீங்க. நான் இல்ல இல்லன்னு கத்தறேன் மச்சான், தொண்டை கிழியக் கத்தறேன். அவன் ஒரு தடவ அழுத்தினான். குளிருதான்னு கேட்டீங்க, நான் பல்லு கிட்டிச்சுப்போய்க் கெடக்கேன், அவன் இல்லங்கறான். பக்கத்துல யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டீங்க..." யெர்தென் போர்வைய இழுத்துக்கிட்டான். "அப்பத்தான் புரிஞ்சுது, நீங்க என்னயக் கேக்கறீங்க, அவன் தன்னப் பத்திச் சொல்றான்னு."

"நான் வரணுமான்னு கேட்டப்ப..."

"ஒரு தடவ அழுத்தினான். நான் அழுதுட்டேன், நீ நல்லா இருப்பன்னு அவனக் கும்பிட்டேன். அப்புறம் விளக்கத் திருப்பி என்னயே பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். மறுபடி அழுத்திட்டான்."

வெளிய யாரோ வண்டிய உருட்டிக்கிட்டுப் போனாங்க. மருந்து வாடை. பெய்பித் ரெண்டு கையாலயும் மூஞ்சத் தேச்சுக்கிட்டான்.

"போகட்டும் விடு. நீ பொழைச்சு வந்துட்ட. அது போதும்."

"கடைசியா நீங்க ஒண்ணு கேட்டீங்க மச்சான். தூக்கக் கலக்கத்துல, குரலே குழறிச்சு."

"என்ன கேட்டேன்?" அவனுக்கு நெசமாவே ஞாபகமில்ல.

"'சரிடா, காலையில நம்ம வண்டியிலயே வீட்டுக்கு வந்துடறியா'ன்னு கேட்டீங்க."

"அதுக்கு... என்ன சொன்னான்?"

"மத்ததுக்கெல்லாம் நேரம் எடுத்தவன், இதுக்கு மட்டும் யோசிக்கவே இல்ல. நீங்க கேட்டு முடிக்கறதுக்குள்ள அழுத்திட்டான்."

யெர்தென் போர்வைக்கு வெளிய கைய நீட்டி ஒத்த விரலக் காட்டினான்.

பெய்பித்துக்கு வீட்டு ஞாபகம் வந்தது. அங்க ராயா அக்கா டிவி பாத்துக்கிட்டிருக்கா. உள் ரூம்ல மக தூங்கறா. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறப்ப அவன் குனிஞ்சு முத்தம் குடுத்தான், அப்ப அவ தூக்கத்துலயே மூக்கச் சுளிச்சு, "அப்பா, சாம்பல் நாத்தம்"னா.